திடீரென, மளமளவென, ஒரேயடியாக, அவசரகதியில்: எந்த மாற்றத்துக்கு எந்தச் சொல்?

2024 ஜூலை நடுவில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே கிடந்தது. ஜூலை 30 அன்று முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. இரண்டு வாரத்தில் 70 அடிக்கு மேல் ஏறிய இந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

‘திடீரென உயர்ந்தது’ என்று எழுதலாமா? கூடாது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த தண்ணீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, ஒகேனக்கல் தாண்டி வருவதை டெல்டா முழுக்க நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘சட்டென’ பொருந்தாது. அது நொடிக்கான சொல், இங்கே நடந்ததோ வாரக் கணக்கு. ‘ஒரேயடியாக’வும் இல்லை. தண்ணீர் நாளுக்குச் சில அடியாக ஏறியதே தவிர, ஒரே எட்டில் ஏறவில்லை. ‘அவசரமாக உயர்ந்தது’ என்று தமிழ் பேசும் எவரும் சொல்ல மாட்டார்கள். மிஞ்சுவது ‘மளமளவென’, ‘கிடுகிடுவென’ என்ற இரண்டுதான். இரண்டில் எது என்பதும் ஒரு கேள்வி, அதைப் பின்னால் பார்க்கலாம்.

செய்தி எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அறிக்கை தயாரிப்பவர்களும் இந்தச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கையாளுவதைப் பார்க்கிறோம். முந்தைய வரியில் ‘திடீரென’ வந்துவிட்டது, அடுத்த வரியில் ‘மளமளவென’ போடுவோம் என்று அழகுக்காக மாற்றுகிறார்கள். அப்படிச் செய்யும்போது நடந்த சம்பவமே மாறிவிடுகிறது. ஏனென்றால் இந்தச் சொற்களுக்குள் நான்கு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன: யாரும் எதிர்பார்க்கவில்லை, குறைந்த நேரத்தில் நடந்தது, மாற்றத்தின் அளவு பெரிது, செய்தவர் யோசிக்காமல் செய்தார். ஒரு மாற்றத்தில் நான்கும் சேர்ந்து வருவது அபூர்வம். நம் கையில் இருக்கும் தகவல் எதை நிரூபிக்கிறதோ அதற்குரிய சொல்லைத்தான் எடுக்க வேண்டும்.

‘திடீரென’: யாருக்குத் திடீர்?

‘திடீரென’ வேகத்தைச் சொல்லும் சொல் அல்ல, எதிர்பாராமையைச் சொல்லும் சொல். ‘திடுமென’, ‘திடுதிப்பென’ இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம். ‘திடுதிப்பென’ கொஞ்சம் பேச்சு வாடை கொண்டது, விருந்தாளி வந்து நிற்பதற்குப் பொருத்தம்.

எதிர்பாராமை பார்ப்பவரைப் பொறுத்தது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றம் நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. மதகருகே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு அது மணிக்கு மணி ஏறிய எண். தங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று சொன்ன அடையாற்றங்கரை மக்களுக்கு இருட்டில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம். ‘ஏரி திடீரெனத் திறக்கப்பட்டது’ என்று எழுதினால் பழி ஒரு பக்கம் போகிறது. ‘படிப்படியாகத் திறக்கப்பட்டது’ என்று எழுதினால் இன்னொரு பக்கம் போகிறது. ஒரே ஒரு வினையடை இவ்வளவு பெரிய வழக்கைத் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. இப்படிப்பட்ட இடத்தில் யாருக்கு என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்: ‘முன்னறிவிப்பு எட்டாத கரையோர மக்களுக்குத் திடீரென வந்த வெள்ளம்’. மதகைப் பற்றிய வரியில் வினையடையே வேண்டாம், மணியும் கன அடியும் போதும்.

மாறாக, ‘திடீரென’ என்பதை எடுத்தால் செய்தியே செத்துவிடும் இடமும் உண்டு. பக்கவாத அறிகுறிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்பில் ‘திடீரென முகம் ஒருபக்கம் கோணுவது, திடீரெனக் கை தளர்வது, திடீரெனப் பேச்சு குழறுவது’ என்று ஒவ்வொன்றுக்கும் அதே சொல்லைப் போட வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல வரும் தளர்ச்சிக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பக்கவாதத்தின் அடையாளமே அது நிமிடங்களில் வந்து நிற்பதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை வீட்டார் சொல்லும்படி அந்தச் சொல் தூண்ட வேண்டும். இங்கே ‘ஒரே சொல் மூன்று முறை வருகிறதே’ என்று நினைத்து ‘வேகமாகக் கோணுவது’, ‘சட்டெனத் தளர்வது’ என்று மாற்றும் ஆசிரியர் குறிப்பைக் கெடுத்துவிடுகிறார்.

தேவையே இல்லாமல் ‘திடீர்’ வரும் இடங்களும் இருக்கின்றன. நேரம் கேட்டு வாங்கிப் போன சந்திப்பு ‘திடீர் சந்திப்பு’ ஆகாது. பல மாதம் நோயில் கிடந்தவரின் மரணம் ‘திடீர் மரணம்’ ஆகாது.

சட்டெனவும் மளமளவெனவும்: நொடியா, ஓட்டமா?

தமிழின் செல்வம் இந்த இடத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது. ஓசையிலிருந்தும் அசைவிலிருந்தும் பிறந்து ‘என’ சேர்த்து வினையடையாகும் சொற்கள் எத்தனை என்று எண்ணி முடியாது. ஆனால் அவை இரண்டு பெரும் கூட்டமாகப் பிரிகின்றன, அந்தப் பிரிவு கண்டிப்பானது.

சட்டென, பட்டென, வெடுக்கென, விருட்டென, குபீரென, குப்பென, சரேலென, பொசுக்கென, தொப்பென: இவை ஒற்றை. நடப்பது ஒரே முறை, தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியில். மளமளவென, மடமடவென, கிடுகிடுவென, விறுவிறுவென, சரசரவென, கடகடவென: இவை இரட்டை. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், கொஞ்ச நேரம் ஓடும் செயலுக்கு உரியவை. ‘மளமளவென நின்றது’ என்று சொல்ல முடியாது, நிற்பது ஓடாது. ‘பத்து நாளாகச் சட்டென ஏறியது’ என்பதும் முடியாது. ஐயம் வந்தால் வாக்கியத்துக்குள் ‘ஒரு நொடியில்’ என்று வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஒற்றை. ‘பார்த்துக்கொண்டிருக்கும்போதே’ ஒட்டினால் இரட்டை.

நாளிதழில் வழக்கமாக வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘குடிசையில் திடீரெனப் பிடித்த தீ, காற்று பலமாக வீசியதால் மளமளவெனப் பரவியது.’ எத்தனை முறை அச்சேறினாலும் இந்த வரியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தீ பிடித்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, அதற்குத் ‘திடீரென’. பரவியது ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு என்று நீண்ட செயல், அதற்கு ‘மளமளவென’. இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘மளமளவெனப் பிடித்த தீ’ என்று எடுத்த எடுப்பிலேயே நாக்கு இடறுகிறது. ‘திடீரெனப் பரவியது’ என்றால், ஒரே இடத்தில் எரிந்து அடங்கிக்கொண்டிருந்த தீ ஏதோ ஒரு காரணத்தால் வெளியே பாய்ந்தது என்று பொருள் வருகிறது. அது வேறொரு விபத்து. தீயணைப்புத் துறையின் விசாரணையும் வேறு கேள்விகளோடு தொடங்கும்.

ஒற்றைச் சொற்களுக்குள் தேர்வு செய்வது இன்னும் நுட்பமான வேலை. ‘சட்டென’ மட்டும்தான் பொதுவானது: திரும்பலாம், நிற்கலாம், புரியலாம், நினைவுக்கு வரலாம். மற்ற எல்லாவற்றிலும் ஒரு படம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வெடுக்கென’ பிடுங்குவதற்கு உரியது, பேச்சுக்கு வைத்தால் எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடும் பேச்சு. ‘பட்டென’ பேசுவது அதைவிட நேர்மையானது, ஒளிவுமறைவு இல்லாதது, கசப்பு கட்டாயம் இல்லை. ‘விருட்டென’ எழுந்தால் கோபத்தில் எழுந்தார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். வாசலில் தபால்காரரின் குரல் கேட்டு எழுந்த பாட்டிக்கு ‘விருட்டென’ போட்டால் பாட்டி சண்டைக்காரியாகிவிடுவார். ‘குபீரென’ உள்ளிருந்து வெளியே பீறிடுவது, சிரிப்பும் தீயும் ரத்தமும் அப்படி வரும். ‘குப்பென’ ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் சூழ்வது, வியர்வையும் நாற்றமும் அப்படி. ‘பொசுக்கென’ உப்பியிருந்தது காற்றிறங்குவது. நாவல் மொழிபெயர்ப்பில் மூல ஆசிரியர் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருந்தாலும், தமிழில் எல்லாவற்றுக்கும் ‘திடீரென’ என்று எழுதுவது கஞ்சத்தனம். எழுந்தவர் கோபத்தில் எழுந்தாரா, பயத்தில் எழுந்தாரா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இரட்டைச் சொற்களில் திசையைக் கவனிக்க வேண்டும். ‘கிடுகிடு’ பெரும்பாலும் மேல்நோக்கி ஏறும்: விலை, நீர்மட்டம், வளரும் பையன். நடுக்கத்துக்கும் அதே சொல், ‘கிடுகிடு பள்ளம்’ என்று ஆழத்துக்கும் அதுவே. அதனால் ‘கிடுகிடுவென ஏறியது’ என்பதில் வேகத்தோடு கொஞ்சம் அச்சமும் கலந்திருக்கிறது. தக்காளி விலைக்குப் பொருந்தும். அணைக்கு? கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கும் செய்தியென்றால் ‘கிடுகிடுவென’. பாசனத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று காத்திருந்த உழவர்களுக்கான செய்தியென்றால் ‘மளமளவென’. மேட்டூர் வரிக்கு எங்கள் தேர்வு இதுதான். ‘மடமடவென’ குடிக்கவும் சரியவும் வேலையை முடிக்கவும் உகந்தது. ‘சரசரவென’ மரம் ஏறும், பாம்பாக ஊரும். ‘விறுவிறுவென’ உயிருள்ளவருக்கோ அவர் செய்யும் வேலைக்கோ உரியது. ‘விறுவிறுப்பான வாக்குப்பதிவு’ சரி, ‘அணை விறுவிறுவென நிரம்பியது’ காதில் இடிக்கும்.

எழுத்தில் ஒரு சிறு விதி. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்பது தொல்காப்பியம் சொன்னது. ‘மள’ என்று தனியாக நின்றால் பொருள் இல்லை. ஆகவே ‘மளமளவென’ என்று சேர்த்தே எழுத வேண்டும். பத்தியின் அகலத்துக்காக ‘மளமள வென’ என்று உடைப்பது பிழை. ‘அவசர அவசரமாக’ என்பது அடுக்குத்தொடர், ‘அவசர’ தனியாகவும் பொருள் தரும், அதனால் இடைவெளி விட்டு எழுதலாம்.

எவ்வளவு? ஒரேயடியாகவும் கணிசமாகவும்

வேகமும் எதிர்பாராமையும் இல்லாமல் அளவை மட்டும் சொல்ல வேண்டிய இடங்கள் பொருளாதாரச் செய்தியில் நிறைய. ‘கணிசமாக’, ‘வெகுவாக’, ‘பெருமளவு’ மூன்றும் அளவுச் சொற்கள்தாம், காலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பத்தாண்டில் குறைந்ததும் கணிசமாகக் குறைந்ததுதான். ‘அடியோடு’ என்பது முழுமையைச் சொல்வது, பூஜ்யத்துக்குப் போனால்தான் வரலாம். ‘வரத்து அடியோடு நின்றது’ சரி, ‘அடியோடு குறைந்தது’ தவறு.

‘ஒரேயடியாக’ அளவையும் ஒருமுறைத் தன்மையையும் ஒன்றாகச் சொல்வது. சந்தைச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்றே நினைக்கிறோம். 1987 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அது ஒரேயடியான சரிவு. 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய் அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே போனது. அது பெரிய சரிவுதான், ஆனால் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அதற்கு ‘மளமளவென’.

மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸின் இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 23 அன்று 3,935 புள்ளிகள் விழுந்தது. 2024 ஜூன் 4 அன்று 4,390 புள்ளிகள். இரண்டாவதுதான் பெரிய வீழ்ச்சி என்று எழுதினால் தப்பு. 2020இல் அது 13 சதவீதத்துக்கு மேல், 2024இல் 6 சதவீதத்துக்குள். குறியீடு உயர உயர அதே புள்ளியின் எடை குறையும். ‘கடுமையாக’, ‘ஒரேயடியாக’ போன்ற சொற்களைப் புள்ளியைப் பார்த்துப் போடக் கூடாது, சதவீதத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

எதிர்பாராமைக்கு வந்தால் தலைகீழ். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் உலகச் சந்தைகள் வாரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. மார்ச் 23 அன்று 10 சதவீதம் விழுந்து வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டு, திறந்த பிறகும் விழுந்தது. அதை ‘ஒரேயடியாக’ என்று சொல்ல எல்லாக் காரணமும் உண்டு, ‘திடீரென’ என்று சொல்லக் காரணம் குறைவு. 2024 ஜூன் 3 அன்றோ மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பிச் சந்தை 2,500 புள்ளிகள் ஏறியிருந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் நிலவரம் வேறாக வந்தபோது விழுந்ததற்குத் ‘திடீரென’ அச்சாகப் பொருந்தும். இரண்டு நாளுக்கும் ஒரே தலைப்பைப் போட்டால் படிப்பவருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும்.

‘ஒரேயடியாக’வுக்கு ஒரு பின்விளைவு உண்டு. ஆட்களைப் பற்றி எழுதும்போது அது ‘மொத்தமாக, திரும்பி வராமல்’ என்று பொருள்படும். ‘ஒரேயடியாகப் போய்விட்டார்’ என்பது சாவுச் செய்தி. வேலையை விட்டுப் போனவருக்கு அதை எழுதிவிடக் கூடாது.

‘செங்குத்தாக’ மலைக்கும் படிக்கட்டுக்கும் உரியது. கொல்லிமலைச் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டதே மலை செங்குத்தாக எழுந்து நிற்பதால்தான். விலைக்கு அதைப் போடுவதானால் பக்கத்தில் வரைபடம் இருக்க வேண்டும், கோடு செங்குத்தாக இறங்குவதைக் கண் பார்க்க வேண்டும். வரைபடம் இல்லாத பத்தியில் ‘வேலைவாய்ப்பு செங்குத்தாகக் குறைந்தது’ என்பது மொழிபெயர்ப்பு வாசம் அடிக்கும் வரி. ‘அதல பாதாளத்துக்குப் போனது’ என்பதை அடிக்கடி செலவழிக்க வேண்டாம். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே போய், மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அப்படி ஒரு நாளுக்கு அதை எடுத்து வைத்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பில் வழுக்கும் இடங்கள்

ஆங்கில மூலத்தில் ‘ஷார்ப்லி’ என்று வந்தால் ‘கூர்மையாகச் சரிந்தது’ என்று எழுதுகிறார்கள். தமிழில் கத்தியும் பார்வையும் புத்தியும் கூர்மையாக இருக்கும், சரிவு இருக்காது. ‘ட்ராமாட்டிக்கலி’ என்று வந்தால் இயந்திர மொழிபெயர்ப்பு ‘வியத்தகு முறையில்’ என்று கொடுக்கிறது. ‘குழந்தை இறப்பு வியத்தகு முறையில் அதிகரித்தது’ என்ற வரியைத் திருத்தாமல் வெளியிடுவது கொடுமை. வியக்கத்தக்கது என்றால் பாராட்டு. சாவு கூடியதைப் பாராட்டுவதாக முடிகிறது. மூலத்தில் அடுத்துச் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வினையடையை விட்டுவிட்டு எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘வெகுவாக’, ‘கடுமையாக’ இரண்டில் ஒன்று போதும்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது: ‘சடுதியாக’. இலங்கைப் பத்திரிகைகளில் ‘சடுதியான வீழ்ச்சி’, ‘சடுதியாக அதிகரித்துள்ளது’ என்பது அன்றாட வழக்கு. எதிர்பாராமையையும் குறுகிய காலத்தையும் பெரிய அளவையும் சேர்த்துத் தாங்கும் சொல் அது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபின், டாலருக்கு 200 ரூபாயளவில் இருந்தது மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்குப் போனதை ‘சடுதியான வீழ்ச்சி’ என்று எழுதியபோது ஒரு சொல்லும் வீணாகவில்லை. தமிழ்நாட்டில் ‘சடுதியில்’ என்றால் வெறும் சீக்கிரம், அந்த வழக்கும் தேய்ந்துவிட்டது. ‘சடுதியாக’வை இங்கேயும் புழங்கத் தொடங்கினால் ‘கூர்மையாக’வின் தொல்லை ஒழியும். யாழ்ப்பாணத்தின் ‘கெதியாக’ வேறு: அது வேகம் மட்டும்தான், ‘கெதியா வா’ என்பதில் எதிர்பாராமை எதுவும் கிடையாது.

பழந்தமிழில் இருந்து எடுக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. குறளில் ‘பொள்ளென’ (487), ‘கதுமென’ (1173), ‘வல்லை’ (480) மூன்றும் இருக்கின்றன. முதலாவது சினம் உடனே வெளிப்படுவதற்கு, இரண்டாவது கண்கள் முந்திக்கொண்டு பார்த்ததற்கு, மூன்றாவது செல்வம் விரைந்து அழிவதற்கு. மூன்று வேறு மாற்றத்துக்கு மூன்று வேறு சொல் என்ற கவனம் அப்போதே இருந்திருக்கிறது. வரலாற்று நாவலில் ‘கதுமென’ அழகாக அமரும். பங்குச் சந்தைச் செய்தியில் போட்டால் படிப்பவர் அகராதியைத் தேடிப் போவார்.

அவசரம்: ஆள் இருந்தால்தான்

அவசரத்துக்கு ஒரு மனம் வேண்டும். மழை அவசரப்படாது, விலை அவசரப்படாது, நோய் அவசரப்படாது. வாக்கியத்தின் எழுவாய் ஆளோ, அரசோ, நிறுவனமோ இல்லையென்றால் இந்தக் குடும்பத்துச் சொற்களைத் தொடவே வேண்டாம்.

ஆள் இருக்கும் இடத்திலும் படிகள் உண்டு. ‘விரைந்து’ பாராட்டு. ‘துரிதமாக’ அலுவலகத் தொனி. ‘உடனடியாக’ என்பது தாமதமின்றித் தொடங்கியதைச் சொல்லும், எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்பதைச் சொல்லாது. ஆணை எழுதுபவர்கள் இதை மறப்பதால் ‘உடனடியாக’த் தொடங்கிய பணி ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. முடியும் நாள் வேண்டுமென்றால் நாளை எழுத வேண்டும். ‘அவசரமாக’ இரட்டைமுகம்: ‘அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர்’ என்பதில் குறை இல்லை, ‘அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்’ என்பதில் குறை இருக்கிறது. ‘அவசர அவசரமாக’ என்று அடுக்கியவுடன் வேலையில் ஓட்டை இருப்பது உறுதியாகிறது. ‘அரக்கப்பரக்க’ பரிதாபத்துக்குரிய ஓட்டம், காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் அம்மாவுக்கு. ‘பதறியடித்துக்கொண்டு’ என்றால் பின்னால் அச்சம் இருக்க வேண்டும். ‘அவசரகதியில்’ நேரடிக் குற்றச்சாட்டு. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று’ அதைவிடக் கடுமை, பின்விளைவை நினைக்கவே இல்லை என்பது.

குற்றச்சாட்டுச் சொல்லைப் போட வேண்டுமானால் அளவுகோல் காட்ட வேண்டும். இலங்கையில் 2019 அதிபர் தேர்தலின்போது கோட்டாபய ராஜபக்ச இயற்கை உரத்துக்கு மாறப் பத்தாண்டு என்று வாக்குறுதி தந்தார். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. பத்தாண்டு வேலையை ஒரு போகத்துக்குள் செய்ய முயன்றதை ‘அவசரகதியில்’ என்று எழுதலாம், ஏனென்றால் காலக்கெடுவைச் சொன்னது அவர்களே. அப்படி ஓர் அளவுகோல் கையில் இல்லாதபோது அதே சொல் வெறும் வசவு.

2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி வெளியிட்ட அறிவிப்பு இன்னொரு உரைகல். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதமான 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாமல் போயின. ‘திடீரென அறிவித்தார்’ என்பது உண்மைத் தகவல், நாலு மணி நேர இடைவெளி அதற்குச் சாட்சி. ‘அவசரகதியில் அறிவித்தார்’ என்பது விமர்சனம், தயாரிப்பு இல்லை என்பதற்குச் சான்று தர வேண்டும். புது நோட்டின் அளவு மாறியதால் ஏ.டி.எம். தட்டுகளை மாற்றியமைக்க வேண்டியிருந்தது போன்ற விவரம் அங்கே வர வேண்டும். ‘அதிரடியாக அறிவித்தார்’ என்பது கைதட்டல். செய்தியில் முதலாவது, கட்டுரையில் காரணம் காட்டி இரண்டாவது. மூன்றாவதைக் கட்சிச் சுவரொட்டிக்கு விட்டுவிடலாம்.

‘அதிரடி’ என்றால் துணிந்து செய்யும் செயல். ‘தங்கம் விலை அதிரடியாகக் குறைந்தது’ என்ற தலைப்பில் துணிந்தவர் யார்? 2024 ஜூலை 23 நிதிநிலை அறிக்கையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. அதை ‘அதிரடி வரிக் குறைப்பு’ என்று சொல்லலாம், ஓர் அரசு செய்தது. அதனால் விலை இறங்கியதற்கு ‘ஒரேயடியாக’ போதும். ‘அவசரச் சட்டம்’ என்ற பெயரிலும் குழம்ப வேண்டாம். அது சட்டமன்றம் கூடியிராத நேரத்தில் பிறப்பிக்கும் சட்டத்தின் பெயர், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு வந்ததைப் போல. அந்தப் பெயரில் விமர்சனம் எதுவும் இல்லை.

வினையடையே வேண்டாமா?

பல இடங்களில் வேண்டாம். ‘எகிறியது’, ‘சரிந்தது’, ‘கவிழ்ந்தது’, ‘பாய்ந்தது’ என்ற வினைகளுக்குள்ளேயே வேகமும் அளவும் இருக்கின்றன. ‘வேகமாக எகிறியது’ என்பதில் ‘வேகமாக’ ஓசி இருக்கை. துணைவினைகளும் இந்த வேலையைச் செய்யும். ‘கண்ணாடியை உடைத்தான்’, ‘உடைத்துவிட்டான்’, ‘உடைத்துப்போட்டான்’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள். மூன்றாவதில் பொறுப்பில்லாத அவசரம் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வந்தவுடன் கிளம்பிவிட்டார்’ என்பதற்கு மேல் ‘சட்டென’ எதற்கு?

வைப்பதென்று முடிவு செய்தால் வல்லின ஒற்று மிகுவதையும் சொல் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ‘என’வுக்குப் பின் வல்லினம் மிகும்: திடீரெனக் குறைந்தது, சட்டெனத் திரும்பினாள். ‘என்று’ போட்டால் மிகாது: திடீரென்று குறைந்தது. ‘ஆக’வில் முடிந்தால் மிகும்: ஒரேயடியாகச் சரிந்தது, அவசரமாகக் கிளம்பினார். இடம் தவறினால் வரும் குழப்பம் இதைவிடப் பெரிது. ‘வியாபாரிகள் திடீரெனக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கினர்’ என்ற வரியில் திடீரென நடந்தது எது? விலை குறைந்ததா, விற்கத் தொடங்கியதா? பக்கத்தில் பெயரெச்சம் நின்றால் வினையடையை அது கவ்விக்கொள்ளும். தொடங்கியதுதான் திடீர் என்றால் வினைக்கு அருகே கொண்டுபோங்கள்: ‘வியாபாரிகள் குறைந்த விலையில் திடீரென விற்கத் தொடங்கினர்.’ விலைதான் திடீரெனக் குறைந்தது என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள்: ‘விலை திடீரெனக் குறைந்தது, வியாபாரிகள் அந்த விலைக்கே விற்கத் தொடங்கினர்.’